பூசணிக்கொடியும் அதன் பழைய துணையும்

ஜூலை 21
மண்ணில் ஈரம் இருக்கிறது. பூசணிக்கொடி துவண்டு கிடக்கிறது. அடித்தண்டில் மரத்தூள் போன்ற ஈரப்பொடி.

ஜூலை 22
பொடி, புழுவின் எச்சம். தண்டுக்குள் இருப்பது மெலிட்டியா குகுர்பிட்டே என்ற அந்துப்பூச்சியின் புழு. அந்து என்றால் இரவில் விளக்கைச் சுற்றும் என்ற எண்ணம் இதற்குப் பொருந்தாது. இது பகலில் பறக்கும். செம்மஞ்சள் வயிற்றில் கரும்புள்ளிகள், கண்ணாடி போன்ற பின்னிறகு. கண்டவர் குளவியென்று ஒதுங்கிவிடுவார். ஒன்ராறியோவில் ஜூன் கடைசியிலிருந்து அடித்தண்டில் ஒவ்வொன்றாக முட்டையிடும். பொரித்த புழு தண்டைத் துளைத்து உள்ளே போய், நான்கு முதல் ஆறு வாரம் தின்னும். கொடி வாடிய பிறகு மருந்து தேடுவது காலங்கடந்த வேலை; வெளியே தெளிப்பது உள்ளே எட்டாது. வீட்டுத் தோட்டங்களுக்கான பல பூச்சிகொல்லிகளை மாகாணம் 2009 ஏப்ரலில் தடை செய்ததுதான் கொடி சாகக் காரணம் என்பார்கள். தடை இல்லாதிருந்தாலும் இந்தப் புழு தப்பியிருக்கும்.

ஜூலை 24
இன்னும் துவண்டுதான்.

ஆகஸ்ட் 9
வந்தேறிப் பூச்சி என்ற பேச்சும் தவறு. இது வட அமெரிக்காவின் சொந்தப் பூச்சி. பூசணியும் அமெரிக்கக் கண்டத்துக் கொடிதான். கொலம்பசுக்குப் பிறகே கடல் கடந்து நம் அடுப்படிக்கு வந்தது. இந்தத் தோட்டம் இருக்கும் பிக்கரிங்கிலேயே, மேற்கு டஃபின்ஸ் ஓடைப் பக்கம், விமான நிலையத் திட்டத்தை முன்னிட்டு 1970களில் அகழ்ந்த டிரேப்பர் தளம், சுமார் ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய வென்டாட் பூர்வகுடியினரின் ஊர். மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றும் அவர்களுடைய பயிர்கள். கொடியும் பூச்சியும் ஒன்றையொன்று அறிந்த மண்ணுக்குப் பிந்தி வந்தவர்கள் நாம். அப்படியென்றால் விளைச்சலைப் பூச்சிக்கே விட்டுவிடுவதா? வேண்டாம். அதன் நாட்காட்டியைப் படித்தால் போதும்: இடம் மாற்றி நட்டு, பூக்கும்வரை வலை மூடலாம், தண்டு கெட்டியான பட்டர்நட் வகையை வைக்கலாம்.

ஆகஸ்ட் 17
கூட்டுப்புழு மண்ணில் குளிர்காலத்தைக் கழிப்பதால், அறுவடைக்குப்பின் மண்ணைக் கிளறச் சொல்கிறார்கள். பூசணிப்பூவைக் காய்க்கவைக்கும் பூசணித் தேனீயும் அதே மண்ணில்தானே கூடு கட்டுகிறது? நியாயமான மறுப்பு. ஆனால் அந்தின் கூடு மேல்மண்ணில்; தேனீயின் அறைகள் பெரும்பாலும் அதைவிட ஆழத்தில். ஆழக் கொத்தாமல் மேலாகக் கிளறலாம். இரசாயனத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது: குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிகொல்லி இட்ட மண்ணில் இத்தேனீக்கள் கட்டிய கூடுகள் 85 வீதம் குறைந்திருந்தன.

செப்டம்பர் 3
துவண்ட கொடியில், மண் அணைத்த கணுவில் புதுவேர். ஒரு பிஞ்சு. புழு இந்நேரம் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். உறைபனிக்கு இன்னும் சில வாரங்களே.