ஒரு பக்கத் தன்விவரம்

கவிதை, சிறுகதை, நாவல், கட்டுரை என்று நாம் வகைபிரித்துப் பேசும் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத ஓர் உரைநடை வடிவம் தன்விவரக் குறிப்பு. தமிழகத்தில் ஆண்டுதோறும் பொறியியலும் கணினி அறிவியலும் முடித்து வெளிவருகிற இளைஞர்களில் பெரும்பாலோர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் முதல் பிரதி அதுதான். பலருக்குக் கடைசிப் பிரதியும் அதுவே. மென்பொருள் துறையில் பிழைப்பு நடத்துவதால், புதிதாக வேலைக்கு வர விரும்புகிறவர்களின் தன்விவரங்களை வாசித்து முதற்கட்டமாகச் சலித்தெடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் வந்து சேர்கிறது. இலக்கிய வாசகன் என்ற பழக்கத்தை அலுவலக வாசலில் கழற்றி வைத்துவிட முடிவதில்லை. ஆகவே அவற்றையும் பிரதிகளாகவே வாசித்து வருகிறேன்.

அப்படி வாசிக்கையில் முதலில் கண்ணில் படுவது, நூறு பேர் எழுதிய நூறு பக்கங்களும் ஒருவரே எழுதியவை போலிருப்பது. தொடக்கத்தில் 'குறிக்கோள்' என்றொரு பத்தி: சவால்கள் நிறைந்த சூழலில் பணியாற்றித் தன் திறனை வளர்த்துக்கொள்வதோடு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் துணை நிற்பது. அடுத்து மதிப்பெண் அட்டவணை. அடுத்து சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான், எம்.எஸ். ஆபீஸ் என்று கமாக்களால் கோத்த ஒரு மாலை. பிறகு கடின உழைப்பு, விரைவில் கற்கும் ஆற்றல், குழுவோடு இணங்கிப் போதல் ஆகிய நற்குணங்கள். பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. தந்தை பெயர், பிறந்த தேதி, மணமாகாதவர். இறுதியில், மேற்கண்ட யாவும் நான் அறிந்தவரை உண்மை என்று ஓர் உறுதிமொழி. அதன் கீழே இடம், தேதி, கையொப்பம்.

இந்தப் பிரதியின் பூர்வீகத்தை ஊகிப்பது கடினமல்ல. உறுதிமொழியும் கையொப்பமும் அரசு விண்ணப்பப் படிவத்தின் வாசனையை உடையவை. தந்தை பெயரும் மணநிலையும் கல்யாணத் தரகரின் பைக்குள் இருக்கும் பயோடேட்டாவை நினைவூட்டுகின்றன. நற்குணங்களோ பள்ளிக்கூடத்து நன்னடத்தைச் சான்றிதழிலிருந்து இறங்கி வந்தவை. தாசில்தார் அலுவலகம், பெண் வீட்டார், தலைமையாசிரியர் என்று தனக்குத் தெரிந்த மூன்று அதிகாரங்களின் முன் நின்ற அதே தோரணையில், கைகட்டி, நான்காவது அதிகாரத்தின் முன்னும் நம் இளைஞன் நிற்கிறான்.

இதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் வீட்டின் முதல் பட்டதாரி அவன். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொந்தமாக எழுதும் பயிற்சியை எந்த வகுப்பும் அவனுக்குத் தரவில்லை. சீனியர் ஒருவர் அனுப்பிய கோப்பில் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் மாற்றுவதே அவனுக்குப் பத்திரமான வழி. பிழையோடு எழுதி அகப்பட்டுக்கொள்வதைவிட யாரோ எழுதிய வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்வது மேல் என்று நினைக்கிறான். ஒளிந்திருப்பவனை யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள துயரம்.

1482 வாக்கில், ஏறத்தாழ முப்பது வயதில், லியோனார்டோ டா வின்சி மிலானின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் கிடைக்கிறது. உலகின் முதல் தன்விவரம் என்று அதைச் சொல்வாருண்டு. எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் முறை, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று வரிசையாக எண்ணிட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார். பட்டியலின் கடைசியில்தான், அமைதிக் காலத்தில் கட்டடமும் சிற்பமும் ஓவியமும் தம்மால் இயலும் என்கிறார். இவற்றில் ஏதேனும் நடவாத காரியமாகத் தோன்றினால் நேரில் செய்துகாட்டத் தயார் என்று முடிக்கிறார். போர்ப் பொறியாளராக அவருக்கு அன்று பெரிய அனுபவம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை; அந்தத் துணிச்சலை நம் மாணவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு. வாசிப்பவருக்கு என்ன தேவை என்று யோசித்து வரிசையை அமைத்தது ஒன்று. உழைப்பாளி, ஆர்வமுள்ளவன் என்று தனக்கு அடைமொழி சூட்டிக்கொள்ளாமல் பொருள்களையும் செயல்களையும் சொன்னது மற்றொன்று.

சோமனூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், நண்பர் மூலமாக, தம் தன்விவரத்தைத் திருத்தித் தரும்படி அனுப்பியிருந்தார். அதில் 'நூலக மேலாண்மை மென்பொருள்' என்றொரு இறுதியாண்டு ப்ராஜெக்ட். காசு கொடுத்தால் ப்ராஜெக்ட் சென்டர்களில் ஆயத்தமாகக் கிடைக்கும் அந்த மென்பொருளை இதற்குள் நூறு முறையாவது சந்தித்திருப்பேன். தொலைபேசியில் அழைத்து, இதைத் தவிர வேறு ஏதாவது நீங்களாகச் செய்ததுண்டா என்று கேட்டேன். சற்றுத் தயங்கிச் சொன்னார். வீட்டில் கூலிக்கு நெய்யும் ஆறு விசைத்தறிகள். ஒவ்வொரு தறியிலும் அன்றன்று ஓடிய மீட்டரை அப்பா நோட்டில் குறித்து வைப்பார். சனிக்கிழமை, தறி ஓட்டுபவர்கள் வாங்கிய முன்பணத்தைக் கழித்துக் கூலி கணக்கிடுகையில் வாராவாரம் தகராறு. மூன்றாம் ஆண்டு விடுமுறையில் இவர் பைத்தானில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்றரை ஆண்டாக அந்த வீட்டின் கூலிச் சீட்டு அதிலிருந்துதான் அச்சாகிறது.

"இதை ஏன் எழுதவில்லை?" என்றேன்.

"அது எங்கூட்டுக் கணக்குங்கண்ணா. அதெல்லாம் போயி ரெஸ்யூம்ல போடறதுங்களா?"

அன்றிரவு இருவருமாக உட்கார்ந்து எழுதிய இரண்டு வரிகளின் சாரம் இது: ஆறு விசைத்தறிகளின் அன்றாட உற்பத்தியையும் தொழிலாளர் முன்பணத்தையும் பதிந்து வாரக் கூலிச் சீட்டு அச்சிடும் நிரல், பைத்தான், எஸ்க்யூலைட், பதினெட்டு மாதங்களாகப் பயன்பாட்டில் உள்ளது. நூலக மேலாண்மையைக் கீழே இறக்கினோம். குறிக்கோளையும் உறுதிமொழியையும் தந்தை பெயரையும் நீக்கியதும் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. முதலில் சென்ற நேர்காணலில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை, மூன்றாவதில் கிடைத்தது. மூன்று இடங்களிலும் தறிக்கணக்கைப் பற்றியே அதிக நேரம் கேட்டார்களாம். மீட்டரைத் தப்பாகப் பதிந்துவிட்டால் எப்படித் திருத்துவீர்கள் என்ற கேள்விக்கு, அப்பாவோடு போட்ட சண்டையையே பதிலாகச் சொன்னேன் என்றார்.

இந்த வடிவத்தின் இலக்கணம் மிகச் சுருக்கமானது. புதியவருக்கு ஒரு பக்கம் போதும். லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்சேர்ப்பாளர்கள் ஒரு தன்விவரத்தை முதல் முறை மேய்வதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 7.4 விநாடி. ஆகவே ஆகச் சிறந்தது மேலே வரவேண்டும். பல நிறுவனங்களில் மனிதருக்கு முன்னால் மென்பொருள்தான் வாசிக்கிறது. இரட்டைப் பத்தி அமைப்பும், கட்டங்களும், திறமையை அளந்து காட்டும் வண்ணப் பட்டைகளும் அதைக் குழப்பக்கூடும். விளம்பரத்தில் கேட்டிருக்கும் திறன் உண்மையிலேயே நம்மிடம் இருந்தால் அதே சொல்லால் எழுத வேண்டும். பத்து நிமிடம் பேச முடியாத எதையும் திறன் பட்டியலில் சேர்க்கக் கூடாது. எழுதிய நிரலைக் கிட்ஹப்பில் போட்டு முகவரி தரலாம். கோப்பின் பெயரில் நம் பெயர் இருக்கட்டும்.

இத்தனையும் செய்தாலும் கதவு திறக்குமென்ற உறுதியில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம்வரை எல்லாவற்றிலும் 60 சதவீதம், நிலுவைப் பாடம் கூடாது என்ற வரம்புகளை எந்த உரைநடையாலும் தாண்ட முடியாது. புறநானூற்றின் 206ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் வாயில் காப்போனைப் பார்த்துத்தான் பேசுகிறார். காத்திருப்பவரின் சினம் நமக்குப் புதிதல்ல. 208ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார், தன்னை நேரில் காணாமலே அதே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கிறார். காணாமல் கொடுப்பதை மறுக்கும் நிமிர்வு புலவருக்கு இருந்தது. காணாமலே நிராகரிக்கப்படும் நம் இளைஞர்களிடம் அந்த நிமிர்வை எதிர்பார்ப்பது நியாயமில்லை. தன்னைக் காணச் செய்வதற்கு அவர்கள் கையில் இருப்பது அந்த ஒரு பக்கம் மட்டுமே.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு இலக்கணப் பிழைகள் பெருமளவு மறைந்துவிட்டன. இப்போது நூறு பக்கங்களும் அப்பழுக்கற்ற ஆங்கிலத்தில் ஒருவரே எழுதியவை போலிருக்கின்றன. இரவல் குரல் மெருகேறியிருக்கிறது, அவ்வளவே. சோமனூர்த் தறிகளைப் பற்றிச் சொல்லாதவரை எந்த இயந்திரத்துக்கும் அது தெரியப்போவதில்லை.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன். கணினியைத் திறக்குமுன் ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதுங்கள்: நான் எதைச் செய்தேன், யார் அதைப் பயன்படுத்தினார்கள், எங்கே அது உடைந்தது, எப்படிச் சரிசெய்தேன். அம்மாவிடம் சொல்வதுபோல் எழுதினால் போதும். ஆங்கிலத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு உதவ இன்று ஆளும் உண்டு, இயந்திரமும் உண்டு.