பாங்கொக் நகரின் ‘சனுக்’

தாய்லாந்து மக்களின் பேச்சில் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்றுண்டு. ‘சனுக்’ என்பதே அச்சொல். களிப்பு, வேடிக்கை, கலகலப்பு என்றெல்லாம் அதற்குப் பொருள் கூறலாம். தனித்திருந்து துய்க்கும் இன்பத்திலும், நால்வர் கூடிச் சிரித்து மகிழும் இன்பத்தையே அது பெரிதும் சுட்டும். பயணம் போய் வந்தவரிடம், ‘சனுக்காக இருந்ததா?’ என்றே கேட்பர். ஒரு காரியத்தை ‘மை சனுக்’, அதாவது ‘சனுக் இல்லை’ என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் அதனைப் பழிக்க வேண்டியதில்லை.

வேலை வேறு, விளையாட்டு வேறு என்பது நம்மவர் கொள்கை. தாய் மொழியிலோ ‘ஙான்’ என்னும் ஒரே சொல் வேலையையும் குறிக்கும், விழாவையும் குறிக்கும். அலுவலகத் தொழிலும் ஙான், திருமண வைபவமும் ஙான். ‘சங்கிராந்தி’ என்னும் வடசொல்லின் வழிவந்த ‘சொங்க்ரான்’ புத்தாண்டிலும் இவ்வியல்பைக் காணலாம். ஏப்ரல் 13 முதல் 15 வரை நடைபெறும் அவ்விழாவில் மூத்தோர் கரங்களில் நறுநீர் வார்த்து ஆசி பெறுவர். பின்னர் வீதியில் இறங்கி, எதிர்ப்பட்டோர்மீதெல்லாம் நீரை வாரி இறைப்பர். 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்விழாவை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

இத்தகைய மக்கள் நவீன நகர வாழ்வில் எவ்வாறு மகிழ்கின்றனர்? தலைநகரின் சியாம் பகுதிக்குச் சென்றால் விடை கிடைக்கும். 1973இல் சியாம் சென்ரரும், 1985இல் எம்.பி.கே. மாளிகையும், 2005இல் சியாம் பரகனும் அங்கே எழுந்தன. 1999இல் ஓடத் தொடங்கிய வான்ரயில் அப்பகுதிக்கு மக்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வருவோர் யாவரும் பொருள் வாங்கவே வருகின்றனர் என்று எண்ணலாகாது. வெளியே வெயில் கொளுத்தும்போது, மாணவரும் குடும்பத்தினரும் அக்குளிர்ந்த மண்டபங்களில் உலாவிப் பொழுது போக்குவர். 2018இல் ஆற்றங்கரையில் திறக்கப்பட்ட ஐக்கன்சியாம் என்னும் கடைத்தொகுதியிலோ, பழைய மிதக்கும் சந்தையையே கட்டடத்தினுள் அமைத்துவிட்டனர்!

உணவிலும் கூட்டமே இன்பம். சோறு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கறிகளோ நடுவில் வைக்கப்பட்டு யாவர்க்கும் பொதுவாகும். முள்ளுக்கரண்டியால் சோற்றைத் தள்ளிக் கரண்டியில் ஏற்றி உண்பர். மாலை மயங்கியதும் சீனர் பேட்டையாகிய யாவொராத் வீதியில் அடுப்புகள் மூளும். நடைபாதையிலே சிறு முக்காலிகளில் அமர்ந்து, செல்வரும் தொழிலாளரும் அருகருகே உண்பர்.

ஆனால் இக்காட்சி குறைந்து வருகின்றது. 2014இன் பின்னர், நடைபாதைகளைப் பாதசாரிகளுக்கு மீட்டுக் கொடுப்பதாகக் கூறி, நகர நிர்வாகம் பல வீதிகளிலிருந்து கடைகளை அகற்றியது. நடப்பதற்கு வழி வேண்டும் என்பது நியாயமே. எனினும், வண்டியில் நூடில்ஸ் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய் பெருங்கடைத்தொகுதியில் வாடகைக்கு இடம் பெற இயலுமா? குறைந்த ஊதியத்தில் வாழும் தொழிலாளி மலிவான மதிய உணவுக்கு எங்கே செல்வான்?

கடைத்தொகுதிகளின் உணவுக்கூடங்கள் துப்புரவானவை. அவற்றுட் பலவற்றில் முதலிற் பணங்கட்டி அட்டை பெற்று, அதனைக் காட்டி உணவு வாங்கி, மீதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஒழுங்கிற்குக் குறைவில்லை. வீதியோரக் கடைக்காரியோ வாடிக்கையாளரைக் கண்டதும், ‘சோறு சாப்பிட்டாயிற்றா?’ என்று நம்மூர் மக்களைப் போலவே நலம் விசாரிப்பாள். யாருக்கு உறைப்புக் கூட வேண்டும், யாருக்குக் குறைய வேண்டும் என்பதையும் அறிவாள். விற்பவளும் வாங்குபவனும் சேர்ந்து சிரிக்கும் அந்தச் சில நிமிடங்களில் வேலையும் விழாவும் ஒன்றாகின்றன. பாங்கொக் செல்லும் பயணிகள் பளிங்கு மாளிகைகளை அவசியம் பார்க்கட்டும். ஒருவேளை உணவையேனும் அந்த முக்காலியில் அமர்ந்து உண்டு வரட்டும். சனுக் என்பதன் பொருள் அங்கேதான் விளங்கும்.