ஓடும் படகிலிருந்து கழுகைப் படம் பிடித்தேன்



பயணக் கட்டுரை எழுதும் அளவுக்கு ஊர் சுற்றியவள் அல்ல நான். உங்களில் பலரைப் போலவே என் பயணங்களில் பெரும்பாலானவை இடம்பெயர்வுகள்தான். மூட்டை கட்டியது, நடந்தது, மரத்தடியில் படுத்தது என்றே அவை நினைவில் உள்ளன. விரும்பிப் போய், பார்த்து, சுகமாகத் திரும்பி வந்த முதற் பயணம் 2024 ஆம் ஆண்டு யூன் மாதம்தான் எனக்கு வாய்த்தது. அப்போது எனக்கு வயது 45.

கலியாண வீடுகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் வீடியோ எடுப்பது என் தொழில். பெண்கள் நிலையம் ஒன்றில் மூன்று மாதம் பயின்ற பின் இதைத் தொடங்கினேன். என் தங்கை 2007 இல் திருமணமாகி நோர்வேக்குப் போனவள். அந்த நாட்டின் வடக்கே, லொபோட்டன் தீவுகளில், மீன் பதனிடும் இடமொன்றில் வேலை செய்கிறாள். பல வருடமாகக் கூப்பிட்டவள், கடைசியில் பயணச் சீட்டையே அனுப்பிவிட்டாள்.

நோர்வே நமக்கு முற்றிலும் அந்நியமான நாடு அல்ல. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இலேயே அங்கு போனவர். பின்பு அவருடைய முயற்சியாலும் நோர்வே மக்களின் உதவியாலும் யாழ்ப்பாணத்தில் உருவானதுதான் ‘சீநோர்’. காரைநகர் சீநோர் தளத்தில் கட்டிய படகுகளை நம் கரையோரத்தார் மறக்கமாட்டார்கள். போர்க்காலத்தில் அங்கு போய்ச் சேர்ந்த நம்மவர் பலர், வடக்கு முனையிலுள்ள சிறிய மீன்பிடி ஊர்களில் மீன் வெட்டித்தான் வாழ்வைத் தொடங்கினார்கள்.

தங்கை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கடற்கரை ஓரமாக மரப் பரண்கள். அவற்றில் சோடி சோடியாக வால் கட்டித் தொங்கும் கொட் மீன்கள். உப்புப் போடாமல், குளிர்காற்றிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் காயவிட்ட கருவாடு அது. மணம் மூக்கில் பட்டதும் எனக்கு எங்கள் ஊர்க் கரைக்கு வந்துவிட்டது போலிருந்தது. அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை. நடுச்சாமத்திலும் வெளிச்சம். மலை உச்சிகளில் மட்டும் பனி மீதி இருந்தது.

நான் வந்து மூன்றாம் நாள் தங்கை சொன்னாள்:

“அக்கா, நாளைக்குக் கடற்கழுகு பார்க்கப் போற படகிலை உங்களுக்கும் பிள்ளைக்கும் இடம் சொல்லியிருக்கிறன். கமராவைக் கொண்டு போங்கோ.”

நான் பதில் சொல்லவில்லை. அவளும் சட்டென்று மௌனமானாள். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

கிளாலி இரவு

1993 இல் நாங்கள் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்தோம். ஆனையிறவுப் பாதை மூடியிருந்த காலம் அது. வன்னிக்கு வர இரவில் வள்ளத்தில்தான் வரவேண்டும். அந்தக் கடலில் எத்தனையோ பேர் உயிர் இழந்தார்கள். எனக்கு 14 வயது, தங்கைக்கு ஆறு. ஒன்றன் பின் ஒன்றாகக் கயிற்றில் பிணைத்த வள்ளங்களை எஞ்சின் படகு ஒன்று இழுத்துப் போனது. விளக்கு இல்லை, பேச்சு இல்லை. தங்கையின் வாயைப் பொத்தியபடி அம்மா குனிந்திருந்தார். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டபோது நான் வள்ளத்தின் விளிம்பை இறுகப் பிடித்தேன். கரை வந்த பிறகும் என் விரல்களை அப்பாதான் ஒவ்வொன்றாக விரித்துவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து, அப்பாச்சியைக் கூட்டி வருகிறேன் என்று அப்பா அதே வழியால் திரும்பிப் போனார். அவர் கடற்றொழிலாளி. கடலை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் யாழ்ப்பாணம் போய்ச் சேரவும் இல்லை, எங்களிடம் திரும்பி வரவும் இல்லை.

அதன் பிறகு நான் எந்த வள்ளத்திலும் கால் வைக்கவில்லை. 2010 இல் ஊர் திரும்பிய பின்பும், தீவுப் பகுதியில் கலியாணம் என்று கேட்டு வந்தால் வேறு ஆளை அனுப்பிவிடுவேன். எஞ்சின் சத்தம் காதில் விழுந்தாலே கை நடுங்கும். கை நடுங்கினால் எங்கள் தொழிலில் சோறு இல்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. விடிந்ததும் பெறாமகள் வந்து என் பக்கத்தில் இருந்தாள். வயது 15. “பெரியம்மா, பயமெண்டால் போக வேண்டாம். ஆனால் நான் உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டிருப்பன்” என்றாள். கிளாலியைப் பற்றி அவளுக்குத் தங்கை சொல்லியிருக்கிறாள் போலும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உடுத்தேன்.

ஒடுக்கமான கடலுக்குள்

ஸ்வொல்வார் என்ற துறைமுகத்திலிருந்து படகு புறப்பட்டது. காற்றடைத்த றப்பர் ஓரங்களைக் கொண்ட வேகப் படகு. எல்லோருக்கும் கழுத்து முதல் கால் வரை மூடும் மிதவை உடுப்புத் தந்தார்கள். படகை ஓட்டியவள் முப்பது வயதும் ஆகாத பெண். அது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஆனால் எஞ்சின் உறுமியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கமரா மடியில் கிடந்தது. என் கைகள் இருக்கையின் முன் கம்பியைப் பிடித்திருந்தன, அன்று போலவே.

நாங்கள் போன இடம் ட்ரோல் பியோர்ட். பியோர்ட் என்றால் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஒடுக்கமான நீண்ட குடா. இது இரண்டு கிலோமீற்றர் நீளம். வாயில் சுமார் நூறு மீற்றர் அகலமே உண்டு. இருபுறமும் சுவர் போல எழுந்த மலைகள். 1890 இல் இங்கே மீனவர்களிடையே பெரும் மோதல் நடந்தது. நீராவிக் கப்பல்காரர் வாயை மறித்து உள்ளே நின்ற மீன் முழுவதையும் தங்களுக்கென்று அடைக்க, சிறு வள்ளக்காரர் எதிர்த்து நின்று உள்ளே புகுந்தார்களாம். பெரிய இழுவைப் படகுகளால் வலையை இழந்த நம் கரையோரத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

படகு வேகம் குறைந்தபோது பெறாமகள் என் தோளைத் தட்டினாள். “பெரியம்மா, அங்கை!” பாறை உச்சியில் ஒரு கறுப்புப் புள்ளி. அது செட்டையை விரித்தபோதுதான் அதன் அளவு தெரிந்தது. நம் கடல்நீரேரிகளில் பறக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகின் செட்டை விரிப்பு சுமார் இரண்டு மீற்றர். இந்த வெண்வால் கழுகுக்கு அது இரண்டரை மீற்றரை நெருங்கும். வெளிறிய தலை, மஞ்சள் அலகு, வெள்ளை வால். குஞ்சுகள் முழுக்கக் கபில நிறமாக இருக்கும். வெள்ளை வாலும் மஞ்சள் அலகும் முழுமையாக வர ஐந்து வருடம் வரை செல்லும். ஆணைவிடப் பெண்தான் பெரியது. இதைப் பெறாமகள் மொழிபெயர்த்துச் சொன்னபோது படகோட்டிப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் ஒரு மீனை எடுத்துத் தூர எறிந்தாள். பறவைகள் மனிதரிடம் பழகிவிடக் கூடாது என்பதால் சில மீன்கள் மட்டுமே போடுவாளாம். கழுகு ஒரு வட்டம் அடித்தது. பிறகு நேராக எங்களை நோக்கி இறங்கியது. கால்கள் முன்னே நீண்டன. ஒரு சிறு தெறிப்பு, அவ்வளவுதான். மீன் நகங்களுக்கிடையே மேலே போய்க்கொண்டிருந்தது.

நான் எடுத்ததைப் பார்த்தேன். வானம், பெறாமகளின் தொப்பி, பிறகு என் சப்பாத்து. கழுகு எங்கேயும் இல்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கம் நல்லதாகப் போயிற்று. தாலி கட்டும் நேரத்தைத் தவறவிட்ட வீடியோக்காரியின் வெட்கம் அது. “இன்னொரு மீன் இருக்குதோ எண்டு கேள் பிள்ளை” என்றேன். இருந்தது.

கமரா பிடிக்கும் சகோதரிகளுக்கு

அதன் பின் ஒரு மணித்தியாலத்தில் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். நம் ஊர் லான்ட்மாஸ்ரரில் மாப்பிள்ளை ஊர்வலம் எடுப்பவர்களுக்கும் இது உதவும்.

ஓடும் படகில் கம்பியிலோ ஓரத்திலோ சாயக் கூடாது. எஞ்சின் அதிர்வு நேரே கமராவுக்கு வந்துவிடும். முழங்காலைச் சற்று மடித்து நிற்க வேண்டும். அப்போது கால்கள் அலையை வாங்கிக்கொள்ளும். முழங்கைகளை விலாவோடு ஒட்ட வைக்க வேண்டும். சூம் செய்யும் ஆசையை விட வேண்டும். பறவையைப் பெரிதாக்கினால் நடுக்கமும் பெரிதாகும். பறவை இறங்கத் திரும்பும்போதே பதிவைத் தொடங்க வேண்டும், மீனைத் தொடும்போது அல்ல. ஒரு கண் திரையில் இருந்தாலும் மற்றக் கண் திறந்திருக்க வேண்டும். முக்கியமாக, மூச்சை அடக்கக் கூடாது. மெல்ல வெளியே விட்டபடி கமராவைத் திருப்ப வேண்டும்.

இத்தனையையும் ஒன்றாகக் கவனிக்க வேண்டியிருந்ததால் எனக்குப் பயப்பட நேரம் இருக்கவில்லை. நான்காவது மீனுக்குக் கழுகு இறங்கியபோது என் இரண்டு கைகளும் கமராவில் இருந்தன. கம்பியை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பதிவில் பதினொரு விநாடி நேர்த்தியாக வந்திருந்தது.

திரும்பி வந்த பறவை

திரும்பும் வழியில் படகோட்டிப் பெண் சொன்ன வரலாற்றை நான் மறக்க மாட்டேன். இந்தக் கழுகைக் கொன்றால் காசு என்று நோர்வேயில் 1845 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெகுமதி கொடுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் சுட்டுத் தள்ளினார்கள். 1968 இல்தான் முழுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று ஐரோப்பாவிலேயே இவை அதிகமாக வாழும் நாடு நோர்வே.

ஸ்கொட்லாந்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே கடைசிக் கழுகும் 1918 இல் சுடப்பட்டது. பிறகு 1975 முதல் 1985 வரை நோர்வேயிலிருந்து 82 குஞ்சுகளைப் பிரித்தானிய விமானப்படை விமானங்களில் கொண்டுபோய், ரம் என்ற தீவில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். போர் விமானத்தின் சத்தத்தைக் கேட்டுப் பதுங்கு குழிக்குள் ஓடியவள் நான். விமானப்படை குஞ்சுகளைச் சுமந்தது என்பதை நம்பவே சற்று நேரம் பிடித்தது.

கொண்டுபோனவுடன் குடும்பம் பெருகிவிடவில்லை. புதிய மண்ணில் அவை சோடி சேர்ந்து, கூடு கட்டி, முதற் குஞ்சு பறக்கும்வரை பத்து வருடம் சென்றது. அது 1985 இல், மல் என்ற தீவில். இன்று ஸ்கொட்லாந்தில் நூற்றுக்கு மேற்பட்ட சோடிகள் உள்ளன. 2007 முதல் 2011 வரை அயர்லாந்துக்கும் நூறு குஞ்சுகள் போயின.

கொல்வதை நிறுத்த ஒரு சட்டம் போதும். ஆனால் வாழ்வு திரும்பி வர வருடக்கணக்கில் காவலும் பொறுமையும் வேண்டும். “இன்னுமா உனக்குப் பயம்? போர் முடிஞ்சு எத்தனை வருசம்” என்று கேட்பவர்களுக்கு இனி இந்தக் கழுகின் கதையைச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பார்த்த வீடியோ

ஊர் வந்ததும் அம்மாவுக்கு அந்தப் பதினொரு விநாடியைப் போட்டுக் காட்டினேன். மூன்று தரம் பார்த்தார். “செட்டை நனையேல்லை, பார்த்தியே? கால் மட்டும்தான் தண்ணியிலை பட்டது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பறவை விழுற இடத்திலை மீன் நிக்கும் எண்டு உங்கடை அப்பா சொல்லுவார்” என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அழாமல் அவர் அப்பாவைப் பற்றிக் கதைத்தது அன்றுதான்.

பிறகு அவரே கேட்டார்: “நயினாதீவு அம்மனிட்டை ஒருக்காப் போவமே, பிள்ளை?”

கிளாலிக்குப் பிறகு அம்மாவும் படகேறவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை குறிகட்டுவானில் இருவரும் ஏறினோம். அந்தக் கடலில் பாம்புக் கல்லும் கருடன் கல்லும் உண்டு. பூவோடு அம்மனை வணங்க நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்ததாகவும், ஒரு வணிகர் இடையில் புகுந்து நாகத்தைக் காப்பாற்றியதாகவும் கதை. அம்மா அதைச் சின்ன வயதில் எனக்குச் சொன்ன மாதிரியே பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

நடுக் கடலில் ஒரு செம்பருந்து எங்கள் படகுக்கு மேலே வட்டமிட்டது. நான் எழுந்து, முழங்காலை மடித்து, கமராவை உயர்த்தினேன். விழுந்துவிடாமல் என் சட்டையின் பின்புறத்தை அம்மா பிடித்துக்கொண்டார். அந்தப் படம் சற்று ஆடித்தான் இருக்கிறது. அம்மா இழுத்ததால் வந்த ஆட்டம் அது, பயத்தால் அல்ல.

சகோதரிகளே, பயம் போன பிறகு படகேறலாம் என்று நான் 31 வருடம் காத்திருந்தேன். அது போகவில்லை. கையில் ஒரு வேலையும் பக்கத்தில் ஒரு நம்பிக்கையான ஆளும் இருந்தபோதுதான் ஏற முடிந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு படகு இருக்கலாம். அவசரம் இல்லை. ஏறும் நாளில் யாரையாவது கூட்டிக்கொண்டு ஏறுங்கள்.

இப்போது தீவுப் பகுதிக் கலியாணங்களுக்கு நானே போகிறேன்.