அடுப்பின் திசை

1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்கென மார்கரெட்டே லிஹோட்ஸ்கி அம்மையார் வகுத்த சிற்றடுக்களை, சமைப்பவரின் காலடிகளைக் கணக்கிட்டது. கீழ்க்கட்டளை அடுக்குமாடியொன்றில் நாம் திருத்தியமைத்த அடுக்களையிலோ, மனத்தையும் கணக்கிட நேர்ந்தது.

அடுப்பு தென்கிழக்கு மூலையில், கிழக்கு நோக்கியே இருக்கவேண்டும் என்றார் வீட்டுக்கார அம்மாள். அம்மூலையில் இருந்ததோ பாத்திரம் கழுவும் தொட்டி. எல்லா மாடிகளுக்கும் பொதுவான கழிவுநீர்க் குழாயை அசைக்க இயலாது.

‘வாஸ்துவில் நமக்கு நம்பிக்கையில்லையே’ என்று சொல்ல நாவெழுந்தது. அக்கணமே நம் வீடு நினைவுக்கு வந்தது. கழிப்பறைப் பீடம் கிப்லாவை நோக்கலாகாது என்று உம்மா கேட்டபோது, மாற்றுச் சமயத்தவரான கொத்தனார் மறுபேச்சின்றித் திருப்பி வைத்தாரன்றோ?

தொட்டியை வடக்கே மூன்றடி தள்ளி, அடிக்குக் கால் அங்குலச் சரிவில் இணைப்புக் குழாய் பதித்தோம். மூலையில் அடுப்பு எரிந்தது. அந்தக் கொத்தனாருக்கு நாம் பட்ட கடனும் சிறிது தீர்ந்தது.