மார்கழிக் கூதலும் மின்சார வண்டியும்

எழுபத்து மூன்று வயதில் மின்சார ஸ்கூட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அதை உதைத்துக் கிளப்ப வேண்டாம். பழைய ஸ்கூட்டர் நன்றாகத்தான் இருந்தது, முழங்கால்தான் மறுத்துவிட்டது.

வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரைக்கு வடவள்ளியிலிருந்து ஆர்.எஸ்.புரம் போகிறேன். வெளிநாட்டில் படிக்கப் போகும் சில பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். குமாஸ்தா வேலையில் கோப்பு கட்டிய காலமெல்லாம் அந்த மொழிக்கு வேலையே இல்லை. இப்போதுதான் பயன்படுகிறது.

என் வண்டி 25 கி.மீ. வேகத்தைத் தாண்டாது; மோட்டாரும் 250 வாட்டுக்கு உட்பட்டது. அதனால் லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். இந்த வண்டிகள் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. ஆம்பியர் நிறுவனம் 2008-லேயே கோவையில் தொடங்கியது.

மார்கழியில் வேளாண்மைப் பல்கலைக்கழக வயல்களைத் தாண்டும்போது கூதல் காதுக்குள் புகுந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர், "ஏனுங்க, இந்தக் கூதல்ல போயே ஆகோணுமாங்க?" என்பார். மப்ளரும் ஹெல்மெட்டும் இருந்தால் போகலாம்.

உண்மையான குளிர் என் மகள் இருக்கும் மான்ட்ரியலில். பள்ளிப் புத்தகத்தில் 'நேழ்' என்று படித்தோம். வாத்தியார் "பனி" என்றார். புல்லில் நிற்கும் பனித்துளிக்கா ஊரே கதவடைக்கிறது என்று சிரித்தோம்! அங்கே ஜனவரியில் சராசரியே மைனஸ் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். அதிலும் மகள், ஆணி பதித்த டயர் போட்ட மின்சார சைக்கிளில் ஆபீஸ் போகிறாள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, அது அறைச் சூட்டுக்கு வந்த பிறகே சார்ஜ் போடுவாளாம். குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் ஓட்டம் மந்தமாகி, போகும் தூரம் குறைகிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெடும். ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் வண்டி வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம். கோவைக் குளிர் பேட்டரியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

நமக்கு எமன் மழைதான். போன ஐப்பசியில் என் வயதுக்காரர் ஒருவர் ஈரச் சாலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து என் மனைவி, "வண்டியை வித்துடுங்க, ஆட்டோவுல போங்க" என்று ஒரே பிடிவாதம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் வண்டியை விற்றால், ஒவ்வொரு முறையும் யாரையாவது எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டும். நாலு நாள் நின்றால் ஐந்தாம் நாள் வகுப்பே வேண்டாம் என்று தோன்றிவிடும்.

இரண்டு நாள் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். தூறல் விழுந்தால் பஸ். லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்பட்டால் அந்தப் பக்கமே போவதில்லை. வண்டி நனைந்திருந்தால், காயும்வரை சார்ஜ் இல்லை. வெறும் குளிர் என்றால் போகலாம்.

உங்கள் வீட்டிலும் வண்டிச் சாவியை ஒளித்துவைத்திருந்தால், குளிரையும் மழையையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்துப் பேசிப் பாருங்கள். சாவி கிடைக்கலாம்.