விலைப்பட்டியலில் ஒரு வரி

டெட்ராய்ட் நகரின் ஆற்றங்கரையில் தொடங்கி வடமேற்காக ஓடும் உட்வர்டு சாலை, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடந்து போன்டியாக் என்னும் ஊரில் முடிவடைகிறது. ஒட்டாவாப் பழங்குடியினரின் தலைவர் ஒருவருடைய பெயர் அந்த ஊருக்கு அமைந்தது. ஊரின் பெயர் பின்னர் ஒரு காருக்கு அமைந்தது. 1926-இல் பிறந்த அக்காரின் குலம் 2010-இல் மறைந்துவிட்டது. ஆயினும், 1995 முதல் ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மறைந்துபோன கார்கள் யாவும் அச்சாலையில் உயிர்த்தெழுந்து வரிசையாக வலம் வருவதைக் காணலாம். நாங்கள் 1984-இல் மிச்சிகன் மாநிலத்தில் குடியேறியவர்கள். சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு அவ்வலத்தைப் பார்த்து வந்த எங்களுக்கு, பணி ஓய்வுக்குப் பின்னர் நாமும் ஒன்றை ஓட்டினால் என்ன என்ற ஆசை எழுந்தது. இந்த ஆசை முதலில் கணவனுக்கு வந்ததா, மனைவிக்கு வந்ததா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

நாங்கள் விரும்பியது 1965-ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி.டி.ஓ. ‘மஸில் கார்’ என்று அமெரிக்கர் அழைக்கும் வகைக்கு இதுவே மூத்த பிள்ளை எனலாம். நடுத்தரமான உடல், அதற்குச் சற்றும் பொருந்தாத பேரியந்திரம், நடுத்தரக் குடும்பத்து இளைஞனுக்கும் எட்டக்கூடிய விலை: இலக்கணம் இவ்வளவே. இதன் பிறப்பிலேயே ஒரு சிறு தந்திரம் உண்டு. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட இயந்திரம் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் விதி. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய தோழர்களும் அவ்விதியைக் கூர்ந்து நோக்கினர். புதிய கார் என்று அறிவித்தால் அல்லவா விதி குறுக்கிடும்? ஆகவே லெமான்ஸ் என்ற சாதாரணக் காருக்கு, ஏறத்தாழ 300 டாலர் கூடுதல் விலையில், விரும்பியவர் கேட்டுப் பெறும் துணைப்பொருள்களின் தொகுப்பாக 389 கன அங்குல இயந்திரத்தை 1964-இல் விற்பனைக்கு வைத்தனர். ஐயாயிரம் விற்றாலே பெரிது என்று கணக்கிட்டிருந்தனர். அந்த ஆண்டில் விற்றவை 32,450. அடுத்த ஆண்டில் 75,352. பெயரோ இத்தாலியப் பெராரி காரிடமிருந்து எடுத்துக்கொண்டது. பக்கவாட்டில் ‘6.5 லிட்டர்’ என்று ஒரு சின்னம். கணக்குப் பார்த்தால் அந்த இயந்திரம் 6.4 லிட்டரைக்கூட எட்டாது!

அந்தக் காலம் நெடிது நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறிற்று. காற்று மாசினைத் தடுக்கும் சட்டம் 1970-இல் வந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி மூண்டது. அத்துடன் ஆட்டம் அடங்கிவிட்டது.

பழுதுபட்ட காரை வாங்கி நாங்களே செப்பனிடும் வயது எங்களுக்கு இல்லை. எனவே பிறர் செப்பனிட்டு முடித்த ஒன்றையே தேடினோம். செப்பனிட்ட கார் வெள்ளையடித்த வீட்டைப் போன்றது. சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது வெள்ளையடித்தவருக்கே வெளிச்சம். இப்பகுதியில் குளிர்காலத்தில் பனியைக் கரைக்கச் சாலையெங்கும் உப்பைத் தூவுகிறார்கள். அவ்வுப்பு பின் சக்கரங்களுக்கு மேலுள்ள தகட்டையும் டிக்கியின் அடித்தளத்தையும் அரித்துத் தின்றுவிடும். அரித்த இடத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது நேர்மையான வேலை. பட்டியை அப்பித் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது மற்ற வேலை. மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தம் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். தகட்டில் அது ஒட்டும். பட்டியில் வழுக்கி விழும். ஈராண்டுகள் அந்தக் காந்தத்தைப் பையில் சுமந்துகொண்டு மிச்சிகனிலும் ஒகையோவிலும் இண்டியானாவிலும் அலைந்தோம். டிக்கியின் விரிப்பைத் தூக்கியவுடன் வீசிய வாடையை முகர்ந்தே திரும்பிய இடங்களும் உண்டு.

துருவைக் கண்டுபிடித்துவிடலாம். அதைவிடக் கடினமானது வேறொன்று. 1966 முதல் ஜி.டி.ஓ. தனி வகையாயிற்று, அதன் அடையாள எண் 242 என்று தொடங்கும், ஐயத்திற்கு இடமில்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அது லெமான்ஸ் காரின் துணைத்தொகுப்பு மட்டுமே ஆகையால், எண்ணைப் பார்த்து எதையும் அறிய இயலாது. இயந்திரத்தைப் பார்க்கலாமே என்பீர்கள். லெமான்ஸின் 326 கன அங்குல இயந்திரமும் இந்த 389-உம் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். மேலும் 389 அக்காலத்துப் பெரிய போன்டியாக் கார்களிலும் இருந்தது. ஒன்றைக் கழற்றி இதில் மாட்டுவது அரிதன்று. போனட்டும் சின்னங்களும் புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன. ஆக, உண்மைக்குச் சான்று ஒன்றுதான்: கார் ஆலையை விட்டு வெளியேறிய நாளில் விற்பனையாளருக்கு எழுதப்பட்ட விலைப்பட்டியல். நல்வாய்ப்பாக அப்பட்டியல்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்னும் அமைப்பு, காரின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்துவோர்க்கு அதன் நகலை அனுப்பிவைக்கிறது.

டொலிடோ நகருக்கு அருகே கைம்பெண் ஒருவரின் வீட்டில் நாங்கள் கண்ட சிவப்புக் காருக்கு அந்த நகலைத் தருவித்தோம். நாங்கள் பார்த்தவற்றுள் அதற்கு ஈடு இல்லை. காந்தம் எங்கும் வழுக்கவில்லை. அடியில் படுத்துப் பார்த்தால் சேசிஸ் கண்ணாடிபோல் இருந்தது. அவருடைய கணவர் ஓர் இயந்திரப் பட்டறைத் தொழிலாளி. பதினொரு ஆண்டுகள் தம் கையாலேயே செப்பனிட்டவர். அவர் மறைந்த பின் மகன் விளம்பரம் கொடுத்திருந்தார். விலை 56,000 டாலர்.

நகல் வந்தது. லெமான்ஸ், 326 இயந்திரம், இரு வேகத் தானியங்கிக் கியர், நீல நிறம். ஜி.டி.ஓ. தொகுப்புக்கான அந்த ஒரு வரி அதில் இல்லை.

இனி என்ன செய்வது? பேசாமல் விலகிவிடலாம், எங்களுக்கு நட்டம் ஏதுமில்லை. ஆனால் அடுத்து வருபவர் கேளாமல் வாங்கிப் பின்னர் கண்டறிந்தால், அந்த அம்மையார் வழக்குமன்றத்தில் நிற்க நேரிடும். சொன்னாலோ, மறைந்த மனிதரை அவருடைய வீட்டு வாசலிலேயே பொய்யராக்குவது போலாகும். இரண்டு இரவுகள் இதைப் பேசியே கழித்தோம். எங்களில் ஒருவர் கடிதம் போதும் என்றார். மற்றவர், இத்தகைய செய்தியை நேரில்தான் சொல்ல வேண்டும் என்றார். நேரில் சென்றோம்.

தாளை மேசைமீது வைத்து, “அம்மா, எங்களுக்கு இந்தக் கார் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் இதை நீங்கள் பார்க்க வேண்டும்,” என்றோம். அவர் நெடுநேரம் படித்தார். மகனின் முகம் சிவந்தது. “இதைக் கேட்காமல் வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்,” என்றார். அம்மையார் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே சென்றார். எங்களை வெளியேறச் சொல்வார் என்றே எண்ணினோம்.

திரும்பி வந்தபோது அவர் கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அடக்கத்திற்குப் பின்னர் அதைத் திறக்க மனம் வரவில்லை என்றார். வாங்கிய ஒவ்வொரு திருகாணிக்கும் தேதி, விலை, கடையின் இரசீது. முதல் பக்கத்தில், பென்சிலால், கட்டையான எழுத்தில்: 1965 லெமான்ஸ், வெறும் கூடு. மூன்றாம் பக்கத்தில் 326-ஐ விற்ற தொகை. பின்னொரு பக்கத்தில், பெரிய போன்டியாக் ஒன்றிலிருந்து எடுத்த 389-இன் விலை. எதையும் அவர் மறைத்திருக்கவில்லை. சின்னத்தைப் பார்த்து ஊரார் ஜி.டி.ஓ. என்றனர், மகனும் அவ்வாறே விளம்பரம் கொடுத்துவிட்டார். நோட்டைப் படித்த மகன் அதை மூடவில்லை; ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரங்கள் கழித்து அம்மையாரிடமிருந்து தொலைபேசி வந்தது. விளம்பரத்தைத் திருத்திவிட்டதாகவும், விலை 31,000 என்றும், முதல் வாய்ப்பு எங்களுக்கே என்றும் சொன்னார். பேரம் பேசும் பழக்கமுள்ள நாங்கள் அன்று பேரம் பேசவில்லை. சின்னங்களைக் கழற்றிவிடலாமா என்று மட்டும் கேட்டோம். “கார் உங்களுடையது. ஆனால் அந்தப் போனட்டைப் பொருத்த அவருக்கு ஒரு குளிர்காலம் முழுதும் ஆயிற்று,” என்றார். கழற்றவில்லை. ‘6.5 லிட்டர்’ சின்னமும் அப்படியே இருக்கிறது. ஆலையே சொன்ன மிகையை நாங்கள் ஏன் திருத்த வேண்டும்?

விலைப்பட்டியலின் நகலும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கப் படியும் காரின் கையுறைப் பெட்டியில் எப்போதும் இருக்கின்றன. பெட்ரோல் நிலையங்களில் யாரேனும் அருகே வந்து, “உண்மையான ஜி.டி.ஓ.வா?” என்று கேட்காத நாள் அரிது. இல்லை என்று சொல்லித் தாளை நீட்டுவோம். சிலர் அத்துடன் நகர்ந்துவிடுவார்கள். சிலர் குனிந்து, பின் சக்கரத்தின் மேலுள்ள தகட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வேலை யாருடையது என்று கேட்பார்கள். அவர்களுக்கு அந்த மனிதரின் பெயரைச் சொல்கிறோம்.