நடுக்கடலில் ஒரு செய்முறைத் தேர்வு

கடல் என்றதும் நம்மில் பலருக்கு அலையும் நிலவும் கவிதையும் நினைவுக்கு வரும். குமரி மாவட்டக் கடலோரத்தில் பிறந்த எனக்கோ டீசல் வாடையும் கிரீஸ் வாடையும்தான் முதலில் மூக்கில் ஏறும். எங்கள் பெரியப்பா ஆழ்கடல் விசைப்படகு ஒன்றின் டிரைவர். சூரையும் சுறாவும் தேடி லட்சத்தீவுகளுக்கும் அப்பால் போய், ஒரு மாதத்துக்கு மேல் தங்கி வரும் படகு அது. சென்ற கோடை விடுமுறையில், அம்மாவின் கண்ணீரையும் மீறி, நானும் அதில் ஏறினேன்.

அம்மாவின் கண்ணீருக்குக் காரணம் இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் கடற்கரையில் எத்தனையோ பேர். அந்த வீடுகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு, 'கடலில் எஞ்சின் நின்றுவிட்டது' என்ற சொல்லைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும்.

புறப்படுவதற்கு முதல் நாள் பெரியப்பா என்னிடம் ஒரு தாளைத் தந்தார். டீசல் வடிகட்டிகள், எஞ்சின் ஆயில், கிளாண்டில் திணிக்கும் பேக்கிங் கயிறு, பம்புக்கான பெல்ட் இரண்டு என்று உதிரிப் பொருட்களின் பட்டியல். "நீ படிச்ச பிள்ளை. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து கோடு போடு மக்ளே" என்றார். நான் பெட்டியின் மூடியைத் திறந்தேன். எல்லாம் இருப்பதாகத்தான் தெரிந்தது. மளமளவென்று கோடு போட்டுக் கையெழுத்தும் இட்டுவிட்டேன்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தை விட்டபின், படகு ஓட்டுவதில் பாதி வேலை பழுது பார்ப்பதுதான் என்று கண்டேன். விடிந்ததும் பெரியப்பா எஞ்சின் அறையில் இறங்குவார். வடிகட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பார். படகின் அடிவயிற்றில் ஊறியுள்ள நீரைப் பார்ப்பார். விசிறியின் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் கடல்நீர் சொட்டும். அது சொட்டத்தான் வேண்டும்; சொட்டு நின்றால் பேக்கிங் சூடேறிக் கருகிவிடும், தாரையாக ஒழுகினால் படகுக்கு ஆபத்து. அந்தச் சொட்டின் வேகத்தை அவர் மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் பார்ப்பார்.

பதினோராம் நாள் மாலை. மேற்கே மேகம் திரண்டு, காற்றின் திசை மாறியிருந்தது. திடீரென்று கீழே 'பட்' என்று ஓர் ஓசை. வெப்பமானியின் முள் மளமளவென்று ஏறியது. பெரியப்பா ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினார். கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் பம்பின் பெல்ட் அறுந்துவிட்டது.

"பெல்ட்தானே, மாத்திடலாம்" என்றார் ஒருவர். பெட்டியிலிருந்து புதிய பெல்ட்டை எடுத்து மாட்டினார்கள். ஏறவில்லை. அடுத்ததும் ஏறவில்லை. அறுந்து கிடந்த பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தேன்: பி 54. என் கையில் இருந்ததோ பி 52. எழுத்து பெல்ட்டின் வகையைக் குறிக்கும்; எண் அதன் நீளம் எத்தனை அங்குலம் என்பதைச் சொல்லும். சில மாதங்களுக்கு முன்பு பம்பின் கப்பியை மாற்றியிருக்கிறார்கள். பெட்டியில் கிடந்தவை பழைய அளவு. எண்ணைப் பார்த்திருந்தால் கரையிலேயே தெரிந்திருக்கும். பார்க்காமல் கையெழுத்திட்டவன் நான்.

"பெரியப்பா, நான் பெட்டியைச் சரியாப் பாக்கல" என்றேன். தொண்டை அடைத்தது. அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "இப்ப அதப் பேச நேரமில்ல. டார்ச்சைப் பிடி" என்றார்.

வயர்லெஸ்ஸில் அழைத்தோம். எங்கள் ஊர்ப் படகு ஒன்று ஒரு நாள் ஓட்டத் தொலைவில் இருந்தது. அதுவரை எஞ்சின் இல்லாவிட்டால் நீர் இறைக்கும் பம்பு ஓடாது, பேட்டரியும் ஏறாது. நைலான் கயிற்றின் முனைகளைப் பின்னிச் சேர்த்துப் பெல்ட்டாக மாட்டிப் பார்த்தார் பெரியப்பா. கால்மணி நேரம் ஓடியது. பிறகு உராய்வில் உருகி அறுந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பெல்ட் இரண்டு கப்பிகளுக்கும் இடையில் போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓடுகிறது. ஆகவே பெல்ட் இரண்டு அங்குலம் குறைந்தால், பம்பை ஓர் அங்குலம் எஞ்சினை நோக்கி நகர்த்தினால் போதும். பம்பைத் தாங்கும் இரும்புத் தகட்டின் நீள்துளையில் ஏற்கெனவே அரை அங்குலம் இடம் இருந்தது. மீதி அரை அங்குலத்தை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். தயங்கித் தயங்கிச் சொன்னேன். பெரியப்பா தகட்டைக் கையால் அளந்து பார்த்தார். "ராவு" என்றார்.

படகு பக்கவாட்டில் புரண்டுகொண்டிருந்தது. இரவு முழுவதும் ஆள் மாற்றி ஆள் ராவினோம். இடையிடையே வாளியால் நீர் இறைத்தோம். என் இரு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்தது. கீழ்வானம் வெளுத்தபோது பி 52 கப்பியில் ஏறி அமர்ந்தது. எஞ்சின் உறுமியது. பக்கவாட்டுக் குழாயிலிருந்து கடல்நீர் கொட்டுவதைக் கண்டதும் பன்னிரண்டு பேரும் கூவினோம். காற்று வலுக்கும் முன் படகின் முகத்தைக் கிழக்கே திருப்பினோம்.

திரும்பி வந்தபின் நம் கல்லூரி நூலகத்தில் கடலோடிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14-இல் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி 312 நாட்களில் திரும்பினார். அவருடைய 'சுஹைலி' பம்பாயில் கட்டிய தேக்குப் படகு. வழியில் நீர்மட்டத்துக்குக் கீழே படகு ஒழுகியபோது, கடலில் மூழ்கி மூழ்கி எழுந்து, விரிசலில் பருத்தியைத் திணித்து அடைத்தார். நம் கடற்படைப் பெண் அதிகாரிகள் அறுவர் 2017-18-இல் உலகைச் சுற்றிய 'தாரிணி'யும் சுக்கான் இயக்கம் பழுதாகி மொரீஷியஸில் நிற்க வேண்டியதாயிற்று. பழுதே வராத படகு கடலில் இல்லை என்று அறிந்து ஆறுதல் கொண்டேன். ஆனால் அவர்களுடைய பழுது கடலால் வந்தது. என்னுடையது என் பேனாவால் வந்தது.

நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்காமலே குறிப்பேட்டில் அளவுகளை எழுதிவிடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. பேராசிரியர்கள் மன்னிக்கவேண்டும். இப்போது இல்லை.

தடைக்காலம் முடிந்து ஆகஸ்டில் படகு மறுபடி புறப்பட்டது. பெரியப்பா அதே பட்டியலை என்னிடம் நீட்டினார். "இந்தத் தடவையும் நீயே பாரு மக்ளே" என்றார். அன்று பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, எண் பார்த்து முடிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.

— மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)